நானோ மச்சானின் பதினெட்டு வினாடி

என் மனைவியின் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் சொல்லச் சொன்னால், குடிக்க மாட்டார், தங்கைமேல் உயிரையே வைத்திருப்பார் என்று இரண்டு சொல்லிவிட்டு முழிப்பேன். கெட்டதாகச் சொல்லச் சொன்னால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சொல்வேன்.

ஆலையில் அவருக்கு நானோ என்று பெயர். எங்களுடையது மாத்திரை செய்கிற ஆலை. அவர் கருவிப் பிரிவில் டெக்னீஷியன். சூடு காட்டும் மீட்டர், எடை காட்டும் மீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆலைக் குடியிருப்பில் ஒரே கட்டடத்தில் கீழ் வீடு எங்களுக்கு, மேல் வீடு அவருக்கு. அதற்கு மேல் மொட்டை மாடி. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். வீடு முழுக்க நேரத்தை அடைத்து வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

மொட்டை மாடியில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு ஆன்டெனா. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடமிருந்து அது நேரத்தை வாங்கும். வண்டிக்கு வழி காட்டுகிற அதே செயற்கைக்கோள்கள்தான். அங்கிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக அவர் அறைக்குள் இறங்கும். உள்ளே ஒரு ரூபிடியம் கடிகாரம். ஏதோ செல்போன் கோபுரத்திலிருந்து கழற்றிய பழசு, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், ஆனால் அணுக் கடிகாரம். செயற்கைக்கோள் சொல்வதையும் அணு சொல்வதையும் ஒப்பிட்டு, எது எத்தனை நானோ வினாடி முந்துகிறது, எது பிந்துகிறது என்று ஒரு கருவி இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு வினாடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் நானோ வினாடி. அதற்குள் என்ன செய்ய முடியும் என்று ஒரு தடவை கேட்டேன். “ஒளி ஒரு அடி போகும்” என்றார். போய்விட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சண்டை அதனால் இல்லை. அவரவர் பைத்தியம் அவரவருக்கு. ஆனால் அவருடைய பைத்தியத்துக்கு நாங்கள் ஏன் பத்தியம் இருக்க வேண்டும்? எங்கள் சமையலறைக்கு நேர் மேலே அவருடைய கடிகாரம். அடுப்புச் சூடு தளத்தில் ஏறி அவர் அறையில் கால் டிகிரி கூட்டுகிறதாம். ஒரு நாள் இறங்கி வந்து அடுப்பை எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொன்னார். என் மனைவியும் நகர்த்தினாள். இரண்டு வருஷமாக ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டு மூலையில் நின்று சமைக்கிறாள். வாஷிங் மெஷின் ஓடினால் தரை அதிர்கிறது என்று அதற்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். கதவை மெதுவாகச் சாத்த வேண்டும், மேலே போனால் பேசிக்கொண்டே உள்ளே நுழையக் கூடாது, மூச்சுக்காற்று சூடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்திரம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போய் அந்த ஆன்டெனாவின்மேல் ஒரு அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கையில் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார்.

“மாப்ள, இன்னிக்குக் காலைல பதினொண்ணு நாப்பத்திரண்டு, அம்பத்தாறாவது வினாடில மொட்டை மாடில என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“துணி காயப்போட்டேன் மச்சான்.”

“குண்டானையா?”

எங்களுக்குள் மரியாதைக்குக் குறைவே இருந்ததில்லை. அவர் வாங்க மாப்ள என்பார், நான் சொல்லுங்க மச்சான் என்பேன். பார்க்கிறவர்கள் ஆகா என்ன ஒற்றுமை என்று நினைப்பார்கள். உள்ளுக்குள் இரண்டு பேரும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை சமாளித்தேன். அப்புறம் அந்தக் கடிகாரம் ஆலை கேட்டுக்கு வந்தது.

கேட்டில் பழைய மிஷின் ஒன்று இருந்தது. அட்டையைக் காட்டினால் நேரத்தைப் பதிவு செய்யும். ஒரு நாள் இரண்டு நிமிஷம் முந்தும், ஒரு நாள் மூன்று நிமிஷம் பிந்தும். தினமும் தகராறு. நானோ தானாகப் போய் மேனேஜர் அம்மாவிடம் நின்று, செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்குகிற மிஷினைத் தானே செய்து மாட்டுவதாகச் சொன்னார். கூலி வேண்டாம் என்றார். ஒரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தார். சிவப்பு எழுத்தில் மணி, நிமிடம், வினாடி. மாட்டிய அன்று கேட் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே, பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் தோற்றுப் போவான்.

காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு அடித்து ஒரு வினாடி போனாலும் சிவப்பு விளக்கு எரிந்து தாமதம் என்று பதிவாகும். ஆறு மாதத்தில் மூன்று தாமதம் ஆனால் விசாரணை. விசாரணைக்குப் போய் வேலையோடு திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை.

முதல் வாரமே வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. போனில் இன்னும் ஆறு ஆகவில்லையே என்று நாலு பேர் கேட்டார்கள். கேட் வாட்ச்மேன்கூடத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

“போனெல்லாம் ஒரு கடிகாரமா?” என்றார் நானோ. “எவனோ சொல்றதைக் கேட்டு அது சொல்லுது. இது வானத்துலேர்ந்து நேரா இறங்குது. உங்க வாட்சைக் கழட்டிக் கிணத்துல போடுங்க.”

அதற்கு மேல் யார் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது? இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன அளவு ஒன்றுகூடத் தப்பியதில்லை என்பது ஆலைக்கே தெரியும். எல்லாரும் ஐந்து நிமிஷம் முன்னதாக எழுந்திருக்கப் பழகினார்கள். பழகாதவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

எனக்குப் பழைய மிஷினிலேயே இரண்டு தாமதம் விழுந்திருந்தது. ஒன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, இன்னொன்று நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியபோது. இரண்டும் நியாயமானவை, அவற்றுக்கு நான் சண்டை போடவில்லை. மூன்றாவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியைப் பூட்டும்போது போனைப் பார்த்தேன், ஐந்து ஐம்பத்தொன்பது. ஓடினேன். அட்டையைக் காட்டினேன். சிவப்பு எரிந்தது.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. வேலை போனால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என் வயதில் இன்னொரு ஆலையில் புதிதாக யார் சேர்த்துக்கொள்வார்கள்? என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். அவரு செஞ்ச மிஷின்தானே” என்றாள்.

“உங்கண்ணன்கிட்ட கேக்கறதுக்கு அந்த டப்பாகிட்ட கேக்கலாம். அதுவாவது சூடா இருக்கும்.”

அவளே மாடிக்குப் போனாள். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

“மிஷின் பொய் சொல்லாதாம். மாப்ள லேட்டுதானாம்.”

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நானோ வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அறுபதைத் தாண்டிய அம்மா. டெலிபோன் நிலையத்தில் கடிகாரப் பிரிவை முப்பது வருஷம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் இதே பைத்தியம். தன் அணுக் கடிகாரத்தைப் பேட்டரியோடு காரில் ஏற்றி, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஓடுகிற கடிகாரத்தை ஓடும்போதே தூக்கிவந்து, இன்னொருவர் கடிகாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். இதற்கென்று எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருந்தார்.

“போய்த் தூக்கிக் குடுங்க. கொஞ்சம் தன்மையா நடந்துக்கங்க, அண்ணன் மனசு இரங்கும்” என்று மனைவி என்னைத் தள்ளிவிட்டாள். மாத்திரைப் பெட்டி தூக்குகிற கை, கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது. பின்னாலேயே அந்த அம்மா, “குலுக்காம தம்பி, சாய்க்காம தம்பி” என்று வந்தார்.

மேலே இரண்டு பேரும் கேபிளை மாட்டினார்கள், கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். ஒரு மணி நேரம் சூடாகட்டும் என்று காத்திருந்தார்கள். அப்புறம் ஒரே மீட்டரின்மேல் இரண்டு தலையும் கவிழ்ந்தன.

“பன்னெண்டு” என்றார் நானோ.

“பதிமூணு. இல்ல, பன்னெண்டு. பன்னெண்டேதான்!” என்றார் அந்த அம்மா. “ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வெறும் பன்னெண்டு நானோ வினாடி! பிரமாதம் சார். என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல.”

நானோவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எள் காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்களே, அப்படி நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். நானோ வினாடி எனக்கு என்ன தெரியும்? எனக்குப் படிக்கத் தெரிந்தது இரண்டு கடிகாரத்தின் முகப்பிலும் ஓடுகிற எண்கள்தான். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் ஒரே சமயத்தில் மாறின, அதில் குறையில்லை. ஆனால் அந்த அம்மாவின் கடிகாரத்தில் பத்து இருபது, நாற்பத்தொன்று. நானோவின் கடிகாரத்தில் பத்து இருபது, ஐம்பத்தொன்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு நிமிஷம் பார்த்தேன். அதே வித்தியாசம்.

“ஏம்மா, ரெண்டும் ஒரே மணி காட்டலையே?”

அந்த அம்மா சிரித்தார். “அது தெரிஞ்ச வித்தியாசம் தம்பி. பதினெட்டு வினாடி. பூமி சுத்தறது அணுக் கடிகாரத்துக்கு ஈடு குடுக்க முடியாம கொஞ்சம் பின்தங்கும். அதுக்காக ஊர்க் கடிகாரத்துல அப்பப்ப ஒரு வினாடி சேர்ப்பாங்க. செயற்கைக்கோள்ல சேர்க்க மாட்டாங்க. அது ஆரம்பிச்ச நாள்லேர்ந்து தன் பாட்டுக்கு எண்ணிட்டே போகுது. அதனால ஊரை விட பதினெட்டு வினாடி முன்னாடி நிக்குது. உங்க மச்சான் வானத்துக் கணக்கு வெச்சிருக்காரு. நான் பதினெட்டைக் கழிச்சு ஊர்க் கணக்கு வெச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

“நம்ம வேலைக்கு வானத்துக் கணக்குதான் சுத்தம்” என்றார் நானோ, மீட்டரை விட்டுத் தலையை எடுக்காமலே. “ஊர்க் கணக்குல திடீர்னு நடுவுல ஒரு வினாடியைச் செருகுவாங்க. தொல்லை.”

நான் சுவரை விட்டு முன்னால் வந்தேன்.

“அப்ப கேட்ல மாட்டினீங்களே மச்சான், அது எந்தக் கணக்கு?”

கேபிளைத் திருகிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

“இங்க இருக்கற அதே புரோகிராம்தான்” என்றார் மெதுவாக. “அப்படியே எடுத்து அதுல போட்டேன்.”

“ஐயய்யோ” என்றார் அந்த அம்மா. “கழிக்கலையா?”

வினாடி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பன்னிரண்டு நானோ வினாடிவரை சுத்தமாகத் தெரிந்த மனுஷன், அது எத்தனையாவது வினாடி என்பதைப் பார்க்கவே இல்லை. அத்தனை பேர் போனை நீட்டிக் காட்டியும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வேலை பிழைத்தது என்பதைவிட, இந்த ஆள் தோற்றான் என்பதுதான் முதலில் இனித்தது. படியில் நின்று மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். மூச்சை எவ்வளவு சூடாக விட முடியுமோ அவ்வளவு சூடாக அந்த அறைக்குள் விட்டேன்.

அவள் வந்து விஷயத்தைக் கேட்டாள். முதலில் புரியவில்லை, நான் இரண்டாவது தடவை சொன்னதும் புரிந்தது. அண்ணனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“கடுகு போற இடம் ஆராய்வாங்க, பூசணிக்காய் போற இடம் தெரியாதுன்னு சொல்லுவாங்க. உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷமா அந்த மூலைல நின்னு வெந்தேனே, இதுக்குத்தானாண்ணே?”

டெலிபோன் அம்மா தன் கடிகாரத்தை அவசர அவசரமாகக் கட்டத் தொடங்கினார். அடுத்தவர் குடும்பச் சண்டையில் நிற்பது நாகரிகமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“புதன்கிழமை வந்து மேனேஜர் அம்மாகிட்ட சொல்லு, கடிகாரம் தப்புன்னு” என்றாள் என் மனைவி. “எங்க வீட்டுக்காரரு நேரத்துக்குத்தான் வந்தாருன்னு சொல்லு.”

“கடிகாரம் தப்புன்னு சொல்றேன்” என்றார் அவர். “மாப்ள எத்தனை வினாடில அட்டையைக் காட்டினாருன்னு ஆபீஸ் பதிவுல பார்க்கணும்.”

“பதினெட்டுக்குள்ளதான் இருக்கும். நான் போன்ல அம்பத்தொம்பது பார்த்தேன்” என்றேன்.

“உங்க போன்ல வினாடி காட்டுமா மாப்ள?”

“காட்டாது.”

“அப்ப பதினெட்டுக்குள்ளன்னு சொல்லாதீங்க.”

தோற்றுப் போயும் திமிர் அடங்கியதா பாருங்கள். அப்போதே அந்த ரூபிடியம் டப்பாவை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன், மனைவி குறுக்கே நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்பே அவர் கேட்டுக்குப் போய்க் கடிகாரத்தைத் திருத்திவிட்டார். வரிசையில் நின்றவர்களிடம் அவராகவே சொல்லியிருக்கிறார், இத்தனை நாள் பதினெட்டு வினாடி முந்தி ஓடியது, என் தப்பு என்று. பத்து மணி டீக்குள் நானோ என்ற பெயர் போய்ப் பதினெட்டு என்று புதுப் பெயர் வந்துவிட்டது. கேன்டீனில் அவர் வரிசைக்கு வந்தால், “பதினெட்டு வர்றாரு, வழி விடுங்கப்பா, முந்திப் போகட்டும்” என்பார்கள். யாருக்கும் அவர்மேல் பெரிய கோபமில்லை. பரவாயில்லை சார், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று முதுகில் தட்டினார்கள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். முகச்சவரம் செய்யவில்லை. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறையில் நாலு பேர் இருந்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் ஒரு எழுத்தர், பேசுவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு. இந்தப் பக்கம் நானும் மச்சானும். மேனேஜர் அம்மா வள்ளென்று விழுகிறவர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார் என்று பெயர்.

“கேட் கடிகாரம் தப்பா ஓடிச்சா?”

“ஆமா மேடம். பதினெட்டு வினாடி முந்தி. மாட்டின நாள்லேர்ந்து அறுபத்திமூணு நாள்” என்றார் நானோ.

“யார் தப்பு?”

“என் தப்பு மேடம். முழுக்க என் தப்பு.”

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சரி. கடிகாரமே தப்புன்னா அதுல விழுந்த லேட்டை நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு நம்பறது? இந்த அறுபத்திமூணு நாள்ல விழுந்தது அத்தனையும் ரத்து. எழுதிக்கங்க.” எழுத்தரைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க போய் வேலையைப் பாருங்க. இனிமேயாவது நேரத்துக்கு வாங்க.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். கும்பிடக் கையைத் தூக்கினேன்.

“மேடம், அத்தனையும் ரத்து பண்ணத் தேவையில்ல” என்றார் நானோ.

மேனேஜர் அம்மா கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டினார்.

“பதினெட்டைக் கழிச்சா உண்மையான நேரம் வந்துடும். மொத்தம் பதினாலு லேட்டு. அதுல பன்னெண்டு அடிபட்டுப் போகுது. ரெண்டு நிக்குது. ஒருத்தர் பத்து நிமிஷம் கழிச்சு வந்தவரு. இன்னொண்ணு இவரோடது. மிஷின்ல ஆறு மணி பத்தொம்பது வினாடி. கழிச்சா ஒண்ணு.”

“ஒண்ணுன்னா?”

“ஒரு வினாடி லேட்டு மேடம்.”

நான் அவரையே பார்த்தேன். சத்தியமாக எனக்குக் கோபம்கூட வரவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. கதவு திறந்து இருந்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் வெளியே போயிருப்பேன்.

மேனேஜர் அம்மாவுக்கு முகம் சிவந்தது. “இந்த ஒரு வினாடியை நான் கேட்டேனா?”

“கேக்கல மேடம். ஆனா நோட்டுல எழுதறாங்களே, தப்பா பதிவாகக் கூடாது.”

“ஓகோ.” அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து இரண்டு வரி எழுதி மேஜையில் தள்ளினார். “படிங்க. நேரத்தில் ஒரு வினாடி பிசகினாலும் அது வேலையை விட்டு நீக்கத்தக்க குற்றமேன்னு எழுதியிருக்கேன். கருவிப் பிரிவு சார்பா கையெழுத்துப் போடுங்க. போட்டா இவரு வெளில போவாரு. இதே தாளை வெச்சு உங்க பதினெட்டு வினாடியையும் நான் பார்ப்பேன். போடலையா, ஒண்ணையும் விட்டுடறேன், பதினெட்டையும் விட்டுடறேன். எல்லாரும் டீ குடிக்கப் போலாம்.”

பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆளுக்கொரு கயிறு போட்டிருக்கிறார், பிடித்துக்கொண்டு ஏறினால் போதும். நான் முதல் தடவையாக வீறாப்பை விட்டுக் கெஞ்சினேன்.

“மச்சான், வேணாம். போட்டுடாதீங்க. உங்க தங்கச்சியை நினைங்க.”

அவர் தாளை இரண்டு முறை படித்தார். எதையோ இறக்கி வைத்த மாதிரி அவர் தோள் தளர்ந்தது.

“நியாயம்தான் மேடம்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, கையெழுத்துக்குக் கீழே மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம் ஏழு வினாடி என்று எழுதினார்.

மேனேஜர் அம்மா தாளை வெறித்துப் பார்த்தார். பக்கத்தில் எழுத்தர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் அம்மா சொன்ன சொல்லும் அந்த நோட்டில் ஏறிவிட்டதே, அதை எப்படி விழுங்குவார்? அவருக்கும் ரோஷம் இல்லையா?

“போங்க. ரெண்டு பேரும் போங்க. இந்த ஆலைல எனக்கு மாத்திரை பண்ற ஆளுங்க போதும்.”

கேட்டைத் தாண்டும்வரை நான் பேசவில்லை. தாண்டியதும் அவர் சட்டையைப் பிடித்தேன்.

“ஏன்யா? ஏன்யா இப்படிப் பண்ண?”

“பதினெட்டு வினாடி மாப்ள” என்றார். “நான் போய் பதினெட்டு வினாடி. யாராவது செருப்பால அடிப்பாங்கன்னு மூணு நாளா பார்த்தேன். எல்லாரும் பரவால்ல, பரவால்லங்கறாங்க. எப்படிப் பரவால்ல?”

“அதுக்கு நீ போயிருக்கணும். தனியாப் போயிருக்கணும். என்னை எதுக்குய்யா இழுத்த?”

“உங்களை நான் இழுக்கல. நீங்க ஒரு வினாடி லேட்டு.”

அறைந்துவிட்டேன். ஓங்கி, கன்னத்தில். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானோ கன்னத்தைத் தடவக்கூட இல்லை, உதறிக்கொள்ளவும் இல்லை. நியாயமாக வர வேண்டியது வந்த மாதிரி நின்றுவிட்டு நடந்தார். நானும் நடந்தேன். வேறு எந்தப் பக்கம் போவது? இரண்டு பேருக்கும் வீடு ஒரே கட்டடம். முப்பது நாளைக்கு.

என் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் புருஷனும் அண்ணனும் சேர்ந்தாற்போல் நடந்து வந்து அவள் பார்த்ததில்லை. தூரத்திலேயே அவள் முகம் விரிந்துவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இரண்டு படி இறங்கினாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்க! எனக்குத் தெரியும், எங்கண்ணன் விட்டுக்குடுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். உள்ள வாங்க, வாண்ணே, டீ போடறேன்.”

பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடினாள். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“சொல்லுங்க மச்சான். போய்ச் சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அவள் டம்ளர்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று டம்ளர்.